56 மணி நேரக் கணக்கு: 1966 கடலோடிகள் வேலைநிறுத்தம் குறித்து

வணக்கம். 1966 பிரிட்டன் கடலோடிகள் வேலைநிறுத்தம் பற்றி எழுதும்போது, "கப்பல் நடுக்கடலில் நிற்காதே, வாரம் 40 மணி நேரம் எப்படிச் சாத்தியம்?" என்ற இடத்தில் நின்றுவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள்.

கடலில் நாலு மணி நேரக் காவல் (அதாவது பணிமுறை), எட்டு மணி நேர ஓய்வு. நள்ளிரவு பன்னிரண்டுக்குச் சுக்கான் பிடிக்க ஏறுபவர் நாலு மணிக்கு இறங்கிப் படுப்பார். பகல் பன்னிரண்டுக்கு மறுபடி ஏற வேண்டும். ஆக நாளுக்கு எட்டு மணி நேர வேலை; ஞாயிறும் சேர்த்தால் வாரம் 56. கடலில் 40க்கு மேல் செய்யும் வேலையை ஓவர்டைமாகக் கணக்கிட வேண்டும் என்பதுதான் கோரிக்கையின் சாரம். முதலாளிகள் இதைச் சுமார் 17 சதவீதச் சம்பள உயர்வு என்றார்கள். சம்பள உயர்வுக்குப் பிரதமர் வில்சனின் அரசு வைத்த வரம்போ 3.5 சதவீதம். சிக்கல் அங்கேதான்.

அப்புறம், 1894 வணிகக் கப்பல் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். அதன்படி, பயணத்தின் நடுவே வேலையை மறுத்தால் அன்று சிறைத் தண்டனைகூட இருந்தது. கூலி கேட்டவனுக்குச் சிறையா என்று எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் கப்பல் ஊர் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு குழுவாகப் போராட்டத்தில் சேர்ந்தார்கள். மே 16 முதல் ஜூலை 1 வரை துறைமுகங்களில் கப்பல்கள் குவிந்தது அப்படித்தான்.