ஆச்சியோட கழுத்துருவை அமெரிக்க ஆஸ்பத்திரிக்காக அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 66 வயசு, தேவகோட்டை. மகன் டல்லாஸ்ல கிரீன் கார்டோட இருக்கான். 9 மாசம் முன்னாடி பெரிய கம்பெனி வேலையை விட்டுட்டு இன்சூரன்ஸ் தராத ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்தான். போன மாசம் குடல்வால் ஆபரேஷன், பில் 31,000 டாலர். 18 லட்சம் அனுப்பச் சொல்றான். அவன் கார் வாங்கினப்ப வச்ச நகைக்கடன் 6 லட்சம் இன்னும் ஓடுது. என் ஹெல்த் பாலிசியும் பிரீமியம் கட்ட முடியாம போன வருஷம் விட்டுப்போச்சு. என் சம்சாரம் ஆச்சியோட கழுத்துருவை, அதான் கல்யாணத் தாலி நகையை, வைக்கவா, இல்ல வீட்டுப் பங்கு மேல கடன் வாங்கவா? அக்கா மகன் யூலிப்னு ஆயுள் காப்பீடும் பங்குச் சந்தை முதலீடும் சேந்த ஒரு பாலிசி போடச் சொல்றான்.

பதில்: அண்ணே, எந்தக் கடன்னு கேக்குறீங்க, ரெண்டும் வேண்டாம். மகன் போன் பண்ணா உடனே நகையை எடுக்குற பழக்கம் இருக்கு பாருங்க, இந்தக் கடிதத்துல எனக்குப் பயமா இருக்கிறது அதுதான். எதுனாலும் அப்பச்சி, அதான் அப்பா நீங்க, பாத்துக்குவீங்கன்னு இருக்கிற வரைக்கும் மகன் எதுக்கு பாலிசி எடுப்பாரு?

எல்லாருக்கும் காப்பீடுன்னு அங்க விவாதம் ஓடுது, சட்டம் எப்படியும் மாறும், அதுவரைக்கும் கம்பெனிக்காரனுக்கு கொட்டி அழ மாட்டேன்னு மகன் சொல்றதா எழுதியிருக்கீங்க. அவரு கோவம் நியாயம்தான், அவ்வளவு பணக்கார நாட்டுல வேலை போனா வைத்தியமும் போகும்ங்கிறது எனக்கும் பொறுக்க முடியாத விஷயம். ஆனா அந்த விவாதத்தோட வயசைப் பாருங்க. 1945-ல ஜனாதிபதி ட்ரூமன் கேட்டாரு, நடக்கல. பிரிட்டன் 1948-லயே எல்லாருக்கும்னு கொண்டுவந்துட்டான். அமெரிக்காவுல 1965-ல 65 வயசு தாண்டினவங்களுக்கு மெடிகேர்னு அரசாங்கக் காப்பீடு வந்துச்சு, 2010-ல ஒபாமா சட்டம் வந்து ஏற்கெனவே வியாதி இருக்குன்னு கம்பெனி கைவிரிக்க முடியாம ஆச்சு, அப்புறமும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல காப்பீடு இல்லாம இருக்காங்க. 2025 அக்டோபர்ல ஆரம்பிச்சு 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்துச்சே, அந்தச் சண்டையே அந்தச் சட்டத்துப் பிரீமியத்துக்கு கொடுத்த கூடுதல் மானியத்தை நீட்டிக்கணுமா வேண்டாமாங்கிறதுதான். 80 வருஷமா முடியாத வழக்கு, அது தீர்ற வரைக்கும் உங்க நகை தாங்காது.

கணக்கை தோராயமா போடுவோம், டாலர் 90 ரூபாய்னு வச்சுக்கங்க. பில் ஏறக்குறைய 28 லட்சம். மாசம் 550 டாலர்னு ஒரு பாலிசி எடுத்திருந்தா 9 மாசத்துக்கு 4,950 டாலர். அதுக்கு மேல அவரு கைக்காசு எவ்வளவு போகும்னா, பாலிசி கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கிற நெட்வொர்க் ஆஸ்பத்திரியில சட்டப்படி ஒரு உச்சவரம்பு இருக்கு, 2025-ல ஒரு ஆளுக்கு 9,200 டாலர். ரெண்டும் சேத்தாலும் 12 லட்சத்து 75 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். இப்ப நீங்க 18 லட்சம் வாங்கினா, மாசம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னு வச்சாலே 18,000, பழைய 6 லட்சத்துக்கு 6,000, ஆக 24,000. வாடகையும் டெபாசிட் வட்டியும் சேத்து உங்களுக்கு எவ்வளவு வருதுன்னு எழுதல, மாசாமாசம் இதை எடுத்து வைக்க முடியுமான்னு நீங்களே பாருங்க.

அந்த பில்லும் கடைசி விலை இல்ல அண்ணே. அங்க லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரின்னா பண உதவித் திட்டம்னு ஒண்ணை எழுத்துல வச்சிருக்கணும்னு சட்டம், முதல் பில் வந்ததுல இருந்து 240 நாள் வரைக்கும் மனு போடலாம். முதல்ல ஐட்டம் வாரியா பில் கேக்கச் சொல்லுங்க, அப்புறம் மனு, அது முழுசா கிடைக்கலேன்னா வட்டியில்லாத தவணை கேக்கணும். கிரெடிட் கார்டுல மட்டும் தேய்ச்சிடக் கூடாது, தேய்ச்சா ஆஸ்பத்திரிக் கடன் பேங்க் கடனா மாறிடும், அப்புறம் பேரம் பேச ஆள் இருக்காது. வேலை மாறினப்போ பாலிசி எடுக்க 60 நாள் டைம் இருந்துச்சு, அதை விட்டுட்டாரு, இனி எல்லாரும் பாலிசி எடுக்குற காலம் நவம்பர் 1-ல திறக்கும், டிசம்பர் 15-க்குள்ள எடுத்தா ஜனவரி 1-ல இருந்து கவர்.

உங்க பாலிசிதான் எனக்கு இதை விட கவலை. மகன் கார் கடனுக்கு வட்டி கட்டிக்கிட்டு 66 வயசுல நீங்க காப்பீடு இல்லாம நிக்கிறீங்க. மத்திய அரசோட 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டு கார்டு வருமானம் பாக்காம எல்லாருக்கும்னா 70 வயசு ஆகணும், இன்னும் நாலு வருஷம் இருக்கு. இந்த மாசமே உங்களுக்கும் ஆச்சிக்கும் புதுசா எடுங்க, 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டியும் இல்ல. சுகர், பிரஷர் இருந்தா மறைக்காதீங்க, பழைய வியாதிக்கு காத்திருப்பு 3 வருஷம் வரைக்கும் போகலாம், அதனாலதான் ஒரு மாசம்கூட தள்ளாதீங்கன்னு சொல்றேன். யூலிப் வேண்டவே வேண்டாம், அஞ்சு வருஷம் பணத்தை வெளியே எடுக்க முடியாது, ஆஸ்பத்திரி பில்லையும் அது கட்டாது.

நம்ம பக்கம் கல்யாணம் ஆனதும் வேறு வச்சு, அதாவது தனிக்குடித்தனம் வச்சு, வருஷத்துக்கு இவ்வளவுன்னு கையில கொடுத்து, அதுக்குள்ள கணக்கு எழுதிக் குடும்பம் நடத்துன்னுதானே புள்ளைகளைப் பழக்கினாங்க? பாசம் இல்லாமலா அப்படிச் செஞ்சாங்க? ஞாயித்துக்கிழமை மகன் கூப்பிடுறப்ப இதையே பதமாச் சொல்லுங்க. மனுப் போட்டு ஆஸ்பத்திரி எவ்வளவு குறைக்குதுன்னு பதில் வரட்டும், மிச்சத்துக்கு அவரு சம்பளத்துல தவணை போட்டுப் பாக்கட்டும், அப்பவும் துண்டு விழுந்தா வட்டிக்கு வாங்காம உங்க கையில இருக்கிறதுல ஒரு தொகை, ஒரே தடவை. அதுவரைக்கும் பெட்டகச் சாவி ஆச்சிக்கிட்டயே இருக்கட்டும்.