மண்ணில் குரோமியம்: பாறையா, பட்டறையா?

கேள்வி: ஐயா, சேலம் கருப்பூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு முலாம் பூசும் பட்டறை. மண்ணைப் பரிசோதித்ததில் குரோமியமும் நிக்கலும் மிக அதிகம் என்று வந்திருக்கிறது. பட்டறைதான் காரணம் என்கிறார்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அப்படித்தானா?
– வாசகர், சேலம்

பதில்: இருக்கலாம். ஆனால் கருப்பூர் என்று படித்ததுமே எனக்கு ஞாபகம் வந்தது உங்கள் ஊர் வெள்ளைக்கல் சுரங்கங்கள்தான். அந்த வெள்ளைக்கல் (மேக்னசைட்) கோடுகோடாக ஓடுவது டூனைட் என்ற பாறைக்குள்ளே. பூமியின் ஆழத்திலிருந்து வந்த பாறை அது. மெக்னீசியம், நிக்கல், குரோமியம் எல்லாமே அதில் இயல்பாகக் கூடுதல். குரோமைட் தாதுவும் அங்கங்கே உண்டு. சாதாரண மண்ணில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் அளவில் குரோமியம் இருக்கும். இந்த மாதிரிப் பாறை உதிர்ந்து உண்டான மண்ணில், சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆலைகூட இல்லாவிட்டாலும், ஆயிரத்தைத் தாண்டலாம்.

சிக்கல் என்னவென்றால், முலாம் பட்டறைக் கழிவில் வருவதும் இதே இரண்டு உலோகங்கள்தான். ஆகவே அந்த அறிக்கையை மட்டும் வைத்துப் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் மேல் தப்பில்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

கூட என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பாறையிலிருந்து வந்திருந்தால் கோபால்ட்டும் மெக்னீசியமும் சேர்ந்தே உயர்ந்திருக்கும். பட்டறையாக இருந்தால் செம்பும் துத்தநாகமும் எகிறியிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது ஆழம். மேல்மண், ஒன்றரை அடி, மூன்றடி என்று தனித்தனியாக எடுங்கள். கீழே போகப் போகக் குறையாமல், உதிர்ந்த பாறை வரை அதே அளவு இருந்தால் அது பாறையின் சொத்து. மேலே மட்டும் குவிந்து, பட்டறைத் தண்ணீர் வரும் வாய்க்கால் பக்கம் இன்னும் கூடினால் அது வெளியிலிருந்து வந்தது. பட்டறைக்கு எதிர்ப்பக்கம், மேட்டில், இதே பாறை மேல் இருக்கும் நிலத்திலும் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள்.

மண்ணை எவர்சில்வர் கரண்டியால் அள்ள வேண்டாம். எவர்சில்வர் என்பதே இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்த்துச் செய்ததுதான். மண்வெட்டியால் குழி வெட்டிவிட்டு, இரும்பு பட்ட மண்ணைச் சுரண்டித் தள்ளி, உள்மண்ணை மரத்துண்டால் எடுங்கள். நான் மண் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்தில் பித்தளைத் தட்டில் காயவைத்த மண்ணையெல்லாம் கொண்டுவருவார்கள். அதில் செம்பைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

எல்லா மாதிரிகளையும் ஒரே கூடத்தில், ஒரே முறையில் பாருங்கள். மண்ணைக் கரைக்கக் கூடங்களில் பயன்படுத்தும் ராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவை குரோமைட் மணிகளை முழுசாகக் கரைக்காது. அதனால் அந்த முறையில் ஒரு எண் வரும், எக்ஸ்ரே கருவியில் அதைவிடப் பெரிய எண் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து மண் கெட்டுவிட்டது என்று பயந்தவர்கள் உண்டு.

இதைவிட முக்கியம் கிணறு. பாறைக் குரோமியம் பெரும்பாலும் தாதுவுக்குள்ளேயே கிடக்கும். பட்டறை பயன்படுத்தும் குரோமிக் அமிலத்தில் இருப்பது ஹெக்சாவேலன்ட் குரோமியம். அது தண்ணீரில் கரையும், நிலத்தடியில் நகரும், புற்றுநோய் வரவழைக்கும். மாங்கனீசு உள்ள மண்ணில் பாறைக் குரோமியமும் கொஞ்சம் இந்த வடிவத்துக்கு மாறுவதுண்டு. எனவே காரணம் எதுவாக இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்றும், குரோமியம் அப்படியே நிற்கும்.

கேள்வி: அப்படியானால் ராணிப்பேட்டைக் குரோமியமும் பாறையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: முடியாது அம்மா. அப்படிச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். உங்கள் பக்கத்துப் பாறை சேலத்து டூனைட் இல்லை. சிப்காட் பகுதியில் ஒரு குரோமேட் ஆலை இருந்தது. குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்தால், கரையாமல் கிடந்த குரோமியம் கரையும் ஹெக்சாவேலன்ட் குரோமியமாகிவிடும். அதைத் தண்ணீரில் கழுவி எடுத்த பிறகும் சக்கையில் மிச்சம் நிற்கும். ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அந்தச் சக்கை அங்கேயே பல ஆண்டுகள் கிடந்து மழையில் நனைந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. தோல் பதனிடும் தொட்டியில் போடுவது பெரும்பாலும் மற்ற வகைக் குரோமியம், அந்த அளவுக்கு நச்சில்லை. ஆனால் அதன் கசடும் வயலுக்கு வரக் கூடாது. உங்கள் கிணற்றில் மஞ்சள் சாயல் தெரிந்தால் குடிக்கவும் சமைக்கவும் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: நெடுஞ்சாலையோர நிலத்தில் கீரை போடலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000இல் நின்றுவிட்டது. ஆனால் மண்ணில் விழுந்த ஈயம் எளிதில் கீழே இறங்காது, மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். கீரையில் வேர் வழியாக ஏறுவதைவிடத் தூசியாக இலையில் படிவதே அதிகம். சாலையை ஒட்டி வேலி மரம் வைத்து, கீரைப் பாத்தியை நிலத்தின் பின்கோடிக்குத் தள்ளுங்கள். பறித்ததும் நன்றாக அலசுங்கள்.