கிளாராவுக்குப் பிறகு பில்

காலப்பயணியான டாக்டரின் கதையைச் சொல்லும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான 'டாக்டர் ஹூ'வை, அவருடைய துணைப்பயணி கிளாரா போன பிறகு பார்க்க மனம் வரவில்லை, 2017-இல் புதிய துணையாக வந்த பில் பாட்ஸை எப்படி ஏற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் அறிமுகமாகும் அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் பாருங்கள். பில் பல்கலைக்கழக உணவகத்தில் சிப்ஸ் பரிமாறுகிறவர். மாணவியே அல்ல, ஆனாலும் டாக்டரின் வகுப்பில் வந்து உட்காருகிறார். புரியாத இடத்தில் மற்றவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள்; இவர் புன்னகைக்கிறார். அதைக் கவனித்துத்தான் டாக்டர் இவருக்குப் பாடம் சொல்லித்தர முன்வருகிறார்.

அப்புறம் அந்தப் புகைப்படப் பெட்டி! இறந்துபோன அம்மாவின் படங்கள் தன்னிடம் அதிகம் இல்லை என்று பில் சொன்னதற்காக, டாக்டர் கடந்த காலத்துக்கே போய் எடுத்த படங்கள் அவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தைய கதை எதுவும் நினைவில் இல்லாவிட்டாலும் தயங்காதீர்கள். பில்லுக்கும் எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் அவரே கேட்டுவிடுவார்.