ப்ளூகிலையும் கிரீன் சன்ஃபிஷையும் வீட்டுக் குளத்தில் கலக்கலாமா?

முடியும். சொல்லப்போனால் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் நடக்கும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வீட்டுக்குப் பின்னால் சின்னக் குளம் இருக்கிறது, உள்ளூர் சன்ஃபிஷ் வகைகளைக் கலந்து வளர்க்க ஆசை, எந்த ஜோடி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மாநிலத்தில் இந்த மீன்களை வளர்ப்பவன். கலப்பதில் சிரமம் இல்லை. எது எதற்குப் பிறந்தது என்று தெரிந்து வைத்திருப்பதும், அடுத்த தலைமுறை வராமல் பார்த்துக்கொள்வதும்தான் பெரிய வேலை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: சன்ஃபிஷ் என்று இங்கே சொல்வது லெபோமிஸ் பேரினத்து நன்னீர் மீன்களை. வட அமெரிக்காவுக்கே உரியவை. உருவத்துக்கு நம்மூர் ஜிலேபி மீனை நினைத்துக்கொள்ளுங்கள். ப்ளூகில், கிரீன் சன்ஃபிஷ், ரெட்இயர், பம்ப்கின்சீட், லாங்இயர், வார்மௌத் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றோடொன்று சேரக்கூடியவை.

ஏன் இவ்வளவு சுலபமாகச் சேருகின்றன? தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோர ஆழமில்லாத இடத்தில் வாலால் அடித்து ஒரு பள்ளம் பறிக்கும். அதுதான் கூடு. ஆணின் நிறம், செவுள் மூடியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் 'காது', அது எழுப்பும் உறுமல் சத்தம், இதையெல்லாம் வைத்துத்தான் பெண் தன் இனத்து ஆணை அடையாளம் காண்கிறது. தண்ணீர் கலங்கியிருந்தால் நிறம் தெரியாது. குளம் சின்னதென்றால் கூடுகள் நெருக்கமாக இருக்கும். சொந்த இனத்தில் ஜோடி கிடைக்காவிட்டால் கிடைத்ததோடு சேர்ந்துவிடும்.

இன்னொரு கூட்டமும் உண்டு. கூடே கட்டாத பொடி ஆண்கள். பாசிக்குள் ஒளிந்திருந்து, ஒரு ஜோடி முட்டையிடும் நேரத்தில் சட்டென்று உள்ளே பாய்ந்து விந்தைப் பீய்ச்சிவிட்டு ஓடிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் ஓபினிகான் ஏரி ப்ளூகில்களிடம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தத் திருட்டு ஆண்கள் அடுத்த இனத்தின் கூட்டுக்குள்ளும் புகலாம். முட்டையும் மறுப்புச் சொல்வதில்லை: பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன சன்ஃபிஷ் இனங்களுக்கிடையேகூட உயிருள்ள குஞ்சு பொரிக்கிறது.

சரி, ஜோடிக்கு வருவோம். உணவுக்கும் தூண்டிலுக்கும் என்றால் பெண் கிரீன் சன்ஃபிஷ், ஆண் ப்ளூகில். பண்ணைகளில் 'ஹைப்ரிட் ப்ளூகில்' என்று விற்பது பெரும்பாலும் இதுதான். குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்களாகவே இருக்கும். தாய் வழியில் பெரிய வாயும் முரட்டுப் பசியும் வருவதால் தீவன உருண்டைக்குச் சீக்கிரம் பழகும், வேகமாக வளரும். பெண்கள் குறைவு என்பதால் குளம் பொடி மீன்களால் நிரம்பிவிடும் தொல்லையும் குறைவு. அதற்காக இவை மலடு என்று நம்பிவிடாதீர்கள். 1933-இல் மீன் ஆய்வாளர்கள் கார்ல் ஹப்ஸும் லாரா ஹப்ஸும் கலப்பின சன்ஃபிஷ்களைப் பற்றி எழுதியபோது வேகமான வளர்ச்சி, ஆண்களின் ஆதிக்கம் இவற்றோடு மலட்டுத்தன்மையும் இருப்பதாகத் தோன்றுகிறது என்றார்கள். 1967-இல் நம் இல்லினாயிலேயே வில்லியம் சைல்டர்ஸ் நான்கு இனங்களை மாற்றி மாற்றிக் கலந்து வெளியிட்ட ஆய்வில், முதல் தலைமுறைக் கலப்புகள் பல நன்றாகவே இனப்பெருக்கம் செய்கின்றன என்று தெரிந்தது. ஆனாலும் 'ஹைப்ரிட் குட்டி போடாது' என்று அடித்துச் சொல்பவர்களை இன்றும் பார்க்கலாம்.

இந்த இரண்டாம் தலைமுறைதான் தலைவலி. முதல் தலைமுறையின் வேகம் அதில் நிற்காது. ஒன்று ப்ளூகில் சாயலில், இன்னொன்று கிரீன் சாயலில், அளவும் ஆளுக்கொன்று. அவை தாய் தந்தை இனத்தோடு மறுபடி சேர்ந்தால் சில ஆண்டுகளில் குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய குளத்தில் லார்ஜ்மௌத் பாஸ் என்ற வேட்டை மீனை விட்டுக் குஞ்சுகளைத் தின்னவைப்பார்கள். பின்புறத் தொட்டிக் குளத்தில் அதற்கு இடமில்லை. முதல் தலைமுறையைச் சமைத்துவிட்டு மறுபடி புதிதாகத் தொடங்குவதுதான் ஒழுங்கான வழி.

செய்முறையில் முக்கியம் பால் பிரிப்பது. குளத்தில் பெண் கிரீன் மட்டும், ஆண் ப்ளூகில் மட்டும் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆண் கிரீன் கலந்துவிட்டாலும் தூய கிரீன் குஞ்சுகளும் வந்துவிடும், அந்த ஆண்டு முழுக்கக் குழப்பம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், திருட்டு ஆண்களில் சில பெண் போலவே இருக்கும். முட்டையிடும் பருவத்தில் பிடித்து வயிற்றை மெல்ல அழுத்துங்கள்; ஆணிடம் பால் போன்ற விந்து வரும், பெண்ணின் துவாரம் வீங்கி வளையம் போல் இருக்கும். சந்தேகமான மீனைச் சேர்க்காமல் விடுவதே நல்லது. கூட்டில் முட்டை விழுந்தபின் தொந்தரவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும், காவலை ஆண் பார்த்துக்கொள்ளும். குஞ்சின் வாய் மிகச் சிறியது. பச்சையேறிய பழைய தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்கு முதல் சாப்பாடு, எனவே குளத்தைக் கண்ணாடி மாதிரி சுத்தமாக வைக்காதீர்கள்.

வந்தது கலப்பா என்று பார்க்க வாயையும் பக்கத் துடுப்பையும் பாருங்கள். ப்ளூகிலுக்கு வாய் சின்னது, பக்கத் துடுப்பு நீண்டு கூராக இருக்கும். கிரீனுக்கு வாய் கண்ணுக்குக் கீழ்வரை வரும், துடுப்பு குட்டையாக வட்டமாக இருக்கும், கன்னத்தில் நீலப்பச்சைக் கோடுகள், துடுப்பு ஓரங்களில் மஞ்சள். கலப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

அழகுக்காகக் கலக்கப் போகிறீர்கள் என்றால் என் வோட்டு இல்லை. பருவத்து ஆண் லாங்இயரின் ஆரஞ்சையும் நீலத்தையும் எந்தக் கலப்பும் மிஞ்சி நான் பார்த்ததில்லை. தூய லாங்இயர் கிடைத்தால் அதை அப்படியே வளருங்கள். சின்னக் குளத்தில் பருவத்து ஆண்கள் மற்ற ஆண்களைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடவும் கூடும் என்பதால், ஒளிந்துகொள்ளக் கல்லும் செடியும் நிறைய வையுங்கள்.

அப்புறம், மழையில் உங்கள் குளம் வழிந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் பாருங்கள். ஓடைக்குப் போகிறதென்றால் வலை கட்டாமல் தொடங்கவே கூடாது. அமெரிக்காவில் உள்ளூர் மீன்தானே என்ற அலட்சியம் வேண்டாம். 1960-இல் சிகாகோ மேயர் ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குப் பரிசளித்த ப்ளூகில்கள் அந்த நாட்டு ஏரிகளில் பரவி உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்க, 2007-இல் பேரரசராக இருந்த அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. இங்கேயும் பொது நீர்நிலையில் பிடித்த மீனை வீட்டுக் குளத்தில் விடுவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மாநில இயற்கை வளத் துறையைக் கேட்டுவிட்டு, தாய் மீன்களை உரிமம் உள்ள பண்ணையில் வாங்குங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.