வீட்டைக் காட்டுவதற்கு 1,500 டொலரா?

ஸ்காபரோ வாசகி ஒருவர் கேட்கிறார்: "இரண்டு பிள்ளைகளுடன் தனியாக வசிக்கிறேன். குறைந்த வாடகை வீட்டுக்காக நகரசபையின் வீட்டுவசதிப் பட்டியலில் ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன். இப்போது வாடகைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. 1,500 டொலர் தந்தால் படிவத்தை நிரப்பி, கொடுப்பனவை ஏற்கும் பேஸ்மென்ற் (நிலக்கீழ்த் தளக் குடியிருப்பு) ஒன்றையும் எடுத்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வீட்டுக்காரர் மூன்று மாத முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

முதலில் அந்த 1,500 டொலரைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குக் கிடைக்கவிருப்பது 2020 ஏப்ரலில் தொடங்கிய கனடா–ஒன்ராறியோ வீட்டுவசதிக் கொடுப்பனவு என்றே கடிதத்தின் விபரத்திலிருந்து தெரிகிறது. அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் உங்கள் பெயருக்கு வருகிறது. வீடு மாறினால் ஒன்ராறியோவுக்குள் உங்களோடு கூடவே வருகிறது. வீட்டுச் சொந்தக்காரர் இதில் எந்தப் பதிவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே "கொடுப்பனவை ஏற்கும் வீடு" என்று தனியாக ஒரு வகை வீடு கிடையாது. உங்கள் தெரிந்தவர் விற்பது, இல்லாத பொருள். அரச உதவி பெறுகிறார் என்ற காரணத்துக்காக ஒருவருக்கு வீடு மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக் கோவையே தடை செய்கிறது. வாடகை வீடு தேடித் தருவதற்குத் தரகுப் பணம் வாங்குபவர் மாகாணத்தில் உரிமம் பெற்ற முகவராகவும் இருக்க வேண்டும். இவரிடம் உரிம இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கொடுப்பனவை ஏற்றுக்கொண்டால் வீட்டுவசதிப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படும். ஒன்பது ஆண்டு காத்திருந்த ஒரு தாயிடம், ஒன்றைப் பெற மற்றதை விடு என்று சொல்வதற்கு ஓர் அரசுக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. ஆயினும் பட்டியலில் இன்னும் எத்தனை ஆண்டு என்பதற்கு யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரப்போவதில்லை. நகரசபைக்கு ஒதுக்கப்படும் கொடுப்பனவு இடங்களும் வரையறுக்கப்பட்டவை. பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்வேன்.

தொகையைக் கணக்கிடும் முறை எளிது. உங்கள் பகுதியின் சராசரி வாடகையில் 80 வீதத்துக்கும், உங்கள் நிகர வருமானத்தில் 30 வீதத்துக்கும் உள்ள வித்தியாசமே கொடுப்பனவு. சராசரி வாடகை 1,800 டொலர், உங்கள் வருமானம் மாதம் 2,500 டொலர் என்று வைத்துக்கொண்டால், 1,440இலிருந்து 750ஐக் கழிக்க 690 டொலர் வரும். பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவு இந்த வருமானத்தில் சேராது. நீங்கள் 2,300 டொலருக்கு வீடு எடுத்தாலும் 690 என்பது கூடாது. மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். கடைசியாகச் சமர்ப்பித்த வருமான வரிப் படிவத்தை வைத்தே எல்லாம் முடிவாவதால், வரியைத் தாக்கல் செய்யாமல் விடாதீர்கள்.

இனி முன்பணம். 2006 ஆம் ஆண்டின் வதிவிட வாடகைச் சட்டப்படி, முதல் மாத வாடகைக்கு மேலதிகமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே அவர் முன்கூட்டி வாங்கலாம். மூன்றாவது மாதப் பணத்தைச் "சேதாரத்துக்கு" என்றோ "சாவிக்கு" என்றோ எந்தப் பெயரில் கேட்டாலும் சட்டவிரோதம். சாவிக்கு என்றால், திருப்பித் தரும் நிபந்தனையோடு, புதிய சாவி வெட்டும் செலவு மட்டும். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. "நானாக விரும்பியே கூடுதல் முன்பணம் தந்தேன்" என்று ஒரு கடிதத்தில் கையொப்பம் கேட்பார்கள். அதில் மட்டும் கை வைக்காதீர்கள், பின்னர் உங்கள் முறைப்பாட்டையே அது பலவீனமாக்கும். கொடுத்துவிட்டிருந்தால் ஓர் ஆண்டுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்துத் திருப்பிக் கேட்கலாம், அங்கும் பொறுமை தேவை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பேஸ்மென்ற் எடுப்பவர்கள் அனைவரும் இதை நிதானமாக வாசிக்க வேண்டும். சமையலறையையோ குளியலறையையோ சொந்தக்காரருடனோ, அவருடைய துணை, பிள்ளை, பெற்றோருடனோ, துணையின் பிள்ளை அல்லது பெற்றோருடனோ நீங்கள் பகிர்ந்தே ஆக வேண்டியிருந்து, அந்த நபர் அதே கட்டடத்தில் வசித்தால், மேற்சொன்ன பாதுகாப்பு எதுவும் உங்களுக்கு இல்லை. சொந்தக்காரரின் தம்பியோடு பகிர்ந்தால் இந்த விலக்கு பொருந்தாது; மற்ற வாடகைக்காரரோடு பகிர்ந்தாலும் பொருந்தாது; துணி துவைக்கும் இயந்திரம் பொதுவாக இருப்பதும் கணக்கில் வராது. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் வீட்டுக்காரர், மேல்வீட்டில் நண்டு சமைத்தால் மணக்கும் என்பதற்காகத் தான் கீழே வந்து சமைப்பதாகவும், ஆகவே சமையலறை பொதுவானது என்றும் வாதாடினார். அடுப்புக்குப் பக்கத்தில் தன்னுடைய சட்டியொன்றையும் கொண்டுவந்து வைத்திருந்தார். பேஸ்மென்ற் முழுவதும் அந்தப் பெண்ணுக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடியால் அந்தக் கதை எடுபடவில்லை. உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த ஒரு வரியைக் கேட்டு எழுதுவியுங்கள்.

ஒப்பந்தம் என்றவுடன் அவர் "காசாகத் தந்தால் நூறு டொலர் குறைத்துக்கொள்கிறேன், கடதாசி வேண்டாம்" என்று சொல்லக்கூடும். வாடகைக்குச் சான்று கேட்டால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது; அந்த நூறு டொலருக்காகப் பலநூறை இழக்க நேரலாம். மாகாணம் நிர்ணயித்த ஒப்பந்தப் படிவத்தையே கேளுங்கள், ஒவ்வொரு மாதமும் ரசீது வாங்குங்கள். கேட்டால் இலவசமாகத் தருவது அவர் கடமை. கையொப்பமிடும் முன், அந்த பேஸ்மென்ற் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்பாக்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் 2026க்கான 2.1 வீத வாடகை உயர்வு வரம்பு அதற்குப் பொருந்தாது. அடுத்த ஆண்டு அவர் எவ்வளவும் கூட்டலாம், உங்கள் கொடுப்பனவு அதைப் பார்த்துக் கூடாது.