தோற்கும் ஆண்டுகளில் ஓர் உரிமையாளர் என்ன செய்ய வேண்டும்?

அணி நிமிர ஆண்டுக்கணக்கில் ஆகும்போது உரிமையாளரின் உறுதியை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: தோற்ற மறுநாள் அவர் எதைக் கலைக்காமல் விடுகிறார் என்பதைப் பாருங்கள்.

இங்கிலாந்தின் பிரைட்டன் கால்பந்து அணியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த மைதானம் விற்கப்பட்டு, 1997இல் அதைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கில்லிங்ஹாமில் ஆடினார்கள். பிறகு 2011 வரை வித்டீன் என்ற தடகள அரங்கம். ஆடுகளத்துக்கும் ரசிகர்களுக்கும் நடுவே ஓடுபாதை. கூரையில்லாத தற்காலிக இருக்கைகளில் மழையில் நனைந்துகொண்டே ஆட்டம் பார்த்தார்கள்.

2009இல் டோனி புளூம் உரிமையாளராகப் பொறுப்பேற்றார். சிறுவயது முதலே இந்த அணியின் ரசிகர். தாத்தாவும் இதே கிளப்பின் நிர்வாகத்தில் இருந்தவர். அணி இங்கிலாந்து லீக்குகளின் மூன்றாம் நிலையில் கிடந்த அந்த நேரத்தில், நட்சத்திர வீரர்களை வாங்கிக் குவிக்காமல், தன் பணத்தை வட்டியில்லாக் கடனாகப் போட்டு அரங்கத்தைக் கட்டினார். இதுதான் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது. வீரர் இரண்டு ஆண்டில் போய்விடுவார், அரங்கம் எங்கும் போகாது.

பலன் உடனே வரவில்லை. இரண்டாம் நிலையிலிருந்து முதல்நிலைக்கு உயர்வதற்கான கடைசி வாய்ப்பு ஆட்டங்களான பிளே-ஆஃபில், 2013, 2014, 2016 என மூன்று முறை அரையிறுதியில் தோல்வி. அதிலும் 2016 நெஞ்சைப் பிளந்த ஆண்டு: மிடில்ஸ்பரோவுக்குச் சமமாக 89 புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் மட்டும் பின்தங்கி, பிளே-ஆஃப் இல்லாமல் நேரடியாக உயரும் வாய்ப்பு போனது. புளூம் பயிற்சியாளர் கிறிஸ் ஹியூட்டனை மாற்றவில்லை. அடுத்த ஏப்ரலில், 34 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரைட்டன் முதல்நிலைக்குத் திரும்புவதை உறுதிசெய்தது.