வாசகர் கேள்வி–பதில்: குறுக்கீடு வரும்போது கெர்னலுக்குள் நடப்பது என்ன?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், வன்பொருள் குறுக்கீடுகளை (சாதனங்கள் பிராசசரின் கவனத்தைக் கோரி அனுப்பும் சமிக்ஞைகளை) எப்படிக் கையாள்கிறது என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்கள் லினக்ஸையும் இன்டெல், ஏஎம்டி வகை 64 பிட் பிராசசர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

கேள்வி (பொறியியல் மாணவி, திருநெல்வேலி): கல்லூரிப் பிராஜெக்டுக்காக ஒரு சிறு டிரைவர் (சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல்) எழுதினேன். குறுக்கீடு வந்ததும் அழைக்கப்படும் ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குள் சற்றுக் காத்திருப்பதற்காக 'எம்ஸ்லீப்' அழைத்ததும் 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்ற பிழைச்செய்தி வந்து கணினி உறைந்துவிட்டது. ஆனால் அதே ஹேண்ட்லரில் நினைவகம் கேட்டு 'கேமல்லாக்' அழைத்தபோது எதுவும் ஆகவில்லை. அதுவும் தூங்கக்கூடிய ஃபங்ஷன்தான் என்கிறார்கள். ஹேண்ட்லருக்குள் ஏன் தூங்கக் கூடாது?

பதில்: தூங்குவதற்கு அங்கே ஆள் இல்லை என்பதுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம். இது பிடிபட்டுவிட்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

பழைய பிஎஸ்/2 வகை விசைப்பலகை ஒன்றில் 'ஏ' விசையை அழுத்துகிறீர்கள். (யுஎஸ்பி விசைப்பலகையில் குறுக்கிடுவது விசைப்பலகை அன்று, யுஎஸ்பி கன்ட்ரோலர், அதனால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) விசைப்பலகைக் கன்ட்ரோலர் 30 என்ற எண்ணைத் தன் பஃபரில் வைத்துவிட்டு 1ஆம் எண் குறுக்கீட்டை எழுப்புகிறது. பிராசசர் அப்போது ஒரு வீடியோ நிரலை இயக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். கையில் இருக்கும் கட்டளையை முடித்தவுடன் அது ஐந்து மதிப்புகளை ஸ்டாக்கில் (தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதியில்) தள்ளுகிறது: ஸ்டாக் செக்மென்ட், ஸ்டாக்கின் முனை, கொடி ரிஜிஸ்டர் (ரிஜிஸ்டர் என்பது பிராசசருக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்), கோட் செக்மென்ட், அடுத்து இயங்க வேண்டிய கட்டளையின் முகவரி. ஒவ்வொன்றும் 8 பைட், ஆக மொத்தம் 40 பைட். பிறகு 256 பதிவுகள் கொண்ட குறுக்கீட்டு அட்டவணையில் உரிய பதிவைப் பார்த்து, அது காட்டும் இடத்துக்குத் தாவுகிறது. அந்த அட்டவணையின் முதல் 32 பதிவுகள் பூஜ்யத்தால் வகுத்தல் போன்ற பிராசசரின் சொந்தப் பிழைகளுக்கு உரியவை. சாதனங்களுக்கான பதிவுகள் அவற்றுக்குப் பிறகே தொடங்குகின்றன. தாவும்போதே அந்தக் கோரில் (பிராசசருக்குள் தனித்து இயங்கும் பிரிவில்) மற்றக் குறுக்கீடுகள் தடுக்கப்பட்டுவிடுகின்றன. கெர்னல் மீதி ரிஜிஸ்டர்களையும் சேமித்து, அந்தக் கோருக்கென்று ஒதுக்கப்பட்ட 16 கிலோபைட் ஸ்டாக்குக்கு மாறி, டிரைவரின் ஹேண்ட்லரை அழைக்கிறது. ஹேண்ட்லர் கன்ட்ரோலரிடமிருந்து அந்த 30ஐப் படித்துக்கொள்கிறது. விசையிலிருந்து விரலை எடுத்ததும் 158 என்ற எண்ணோடு இதே சடங்கு மீண்டும் ஒருமுறை நடக்கும்.

இவ்வளவும் யாருடைய நேரத்தில் நடந்தது? வீடியோ நிரலின் நேரத்தில். பாடநூல்கள் சொல்லும் அழைப்பு மணி உவமை இந்த இடத்தில்தான் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. மணியோசை கேட்டவர் தாமே எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். இங்கே வீடியோ நிரலுக்கு மணி அடித்ததே தெரியாது. விசைப்பலகையோடு அதற்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை.

கெர்னலில் தூங்குவது என்றால், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பணியின் நிலையைக் குறித்துவைத்து, அதை ஓரமாக நிறுத்திவிட்டு, அடுத்து எந்தப் பணி ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் வழியாக இன்னொரு பணிக்கு மாறுவது என்று பொருள். ஹேண்ட்லருக்கு அப்படித் தனியாக நிறுத்திவைக்கத் தக்க பணி எதுவும் கிடையாது. கெர்னலின் கணக்கில் 'நடப்புப் பணி' என்று பதிவாகியிருப்பது அந்த வீடியோ நிரல்தான். ஆகவே நீங்கள் தூங்கினால் தொடர்பே இல்லாத அந்த நிரல் நிறுத்தப்படுகிறது. நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த கோரின் ஸ்டாக்கில் அடுத்த குறுக்கீடு வந்து எழுதத் தொடங்குகிறது. நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிகழ்வே அந்த நிரல் வைத்திருக்கும் ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) விடுபட்டால்தான் நடக்கும் என்றால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நிரந்தரமாக நின்றுவிடுவீர்கள். இதனால்தான் கெர்னல் ஒவ்வொரு குறுக்கீட்டின்போதும் ஓர் எண்ணிக்கையை உயர்த்தி வைக்கிறது. அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாதபோது யாராவது ஷெட்யூலரை அழைத்தால் நீங்கள் பார்த்த பிழைச்செய்தி வருகிறது.

'கேமல்லாக்' தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம். 'ஜிஎஃப்பி கெர்னல்' என்ற கொடியோடு நினைவகம் கேட்டால், கையிருப்பு இருக்கும்வரை அது உடனே தந்துவிடும். கையிருப்பு வற்றும்போது மட்டுமே தூங்கி, வேறு நினைவகப் பக்கங்களை விடுவித்துவிட்டு வரும். ஆய்வகத்தில் ஒழுங்காக ஓடிய டிரைவர் நிஜமான சுமை ஏறும் நாளில் விழுவது இப்படித்தான். ஹேண்ட்லருக்குள் 'ஜிஎஃப்பி அட்டாமிக்' கொடியைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தூங்காது, ஆனால் நினைவகம் இல்லை என்று கையை விரித்துவிடக்கூடும் என்பதால் திரும்ப வரும் மதிப்பைக் கட்டாயம் சோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் டிரைவர்களைச் சோதிக்கும் கெர்னலில் 'டீபக் அட்டாமிக் ஸ்லீப்' அமைப்பை இயக்கி வைத்தால், உண்மையில் தூங்காவிட்டாலும் தூங்கக்கூடிய ஃபங்ஷனை அழைத்த மாத்திரத்திலேயே எச்சரிக்கை வந்துவிடும். கல்லூரிப் பிராஜெக்டுகளில் இதை இயக்காமல் டிரைவர் எழுதச் சொல்வது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்.

இன்னும் இரண்டு தவறுகளையும் இதே காரணத்தால் விளக்கலாம். பயனர் நிரலின் பஃபருக்கு ஹேண்ட்லரிலிருந்தே தரவை நகலெடுக்க முயன்றால், தரவு போய்ச் சேரும் இடம் உங்கள் நிரலின் நினைவகமாக இராது. அந்த நேரத்தில் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த நிரலின் நினைவகமாக இருக்கும். அடுத்தது ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக். சாதாரண டிரைவர் கோட் ஒரு ஸ்பின்லாக்கை எடுத்து வைத்திருக்கும்போது அதே கோரில் குறுக்கீடு வந்து, ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டால், லாக்கை விட வேண்டியவர் ஓட முடியாது, கேட்பவர் நகர மாட்டார். எனவே ஹேண்ட்லரோடு பகிரும் லாக்கை வெளியிலிருந்து எடுக்கும்போது 'ஸ்பின் லாக் ஐஆர்க்யூ சேவ்' கொண்டு, அந்தக் கோரின் குறுக்கீடுகளைத் தடுத்துவிட்டே எடுக்க வேண்டும்.

'தூங்காமல் எம்டிலே போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கலாமா' என்று அடுத்துக் கேட்பீர்கள். அது பிழைச்செய்தி தராது. ஆனால் 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் ஒரு மில்லிநொடி சுற்றுவது 30 லட்சம் கடிகாரச் சுழற்சிகளை வீணாக்குவதாகும். அடுத்தவர் நேரத்தில் செய்யத் தகுந்தவை தள்ளிப்போட முடியாத வேலைகள் மட்டுமே: சாதனத்திடம் 'பார்த்துவிட்டேன்' என்று சொல்வது, அழிந்துபோகக்கூடிய தரவை எடுத்துக்கொள்வது, மீதியைப் பிறகு செய்யக் குறித்துவைப்பது.

கேள்வி (வாசகர், ஈரோடு): ஒரு ஹேண்ட்லர் ஓடும்போது மற்றக் குறுக்கீடுகள் தடுக்கப்படுகின்றன என்றால், அந்த நேரத்தில் வருபவை தொலைந்துபோகுமா?

பதில்: பொதுவாகத் தொலைவதில்லை. ஒவ்வொரு கோரிலும் உள்ள லோக்கல் ஏபிக் என்ற குறுக்கீட்டுக் கன்ட்ரோலர் அவற்றைக் குறித்துவைத்து, ஹேண்ட்லர் முடிந்ததும் தருகிறது. ஆனால் அது வைத்திருப்பது குறுக்கீட்டு எண்ணுக்கு ஒரு பிட்தான். ஒரே மூலத்திலிருந்து மூன்று முறை வந்தாலும் 'வந்திருக்கிறது' என்று மட்டுமே தெரியும், எத்தனை முறை என்று தெரியாது. ஆகவே ஒரு குறுக்கீட்டுக்கு ஒரு தரவு என்று கணக்கு வைத்து எழுதிய ஹேண்ட்லர் என்றைக்காவது ஒரு தரவைப் பின்னாலேயே விட்டுவிடும். சாதனத்தின் பஃபர் காலியாகும்வரை படிப்பதே முறை.

கேள்வி (கணினி பழுதுபார்ப்பவர், மதுரை): வாடிக்கையாளர் ஒருவரின் பழைய டெஸ்க்டாப்பில் 'ஐஆர்க்யூ 17: நோபடி கேர்டு' (17ஆம் குறுக்கீட்டை யாரும் கவனிக்கவில்லை) என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு கணினி நிற்கவில்லை. ஆனால் யுஎஸ்பி மவுஸ் மட்டும் விட்டுவிட்டு நகர்கிறது. மவுஸை மாற்றியும் பயனில்லை. என்ன நடக்கிறது?

பதில்: மவுஸின் மீது பழி இல்லை, அதோடு ஒரே கோட்டைப் பகிரும் வேறொரு சாதனத்தைத் தேடுங்கள்.

அட்டைகளை மதர்போர்டோடு இணைக்கும் பழைய பிசிஐ முறையில் குறுக்கீட்டுக் கோடுகள் (சமிக்ஞை செல்லும் கம்பிகள்) குறைவு. எனவே பல சாதனங்கள் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. கோடு எழும்போது யார் எழுப்பியது என்று கெர்னலுக்குத் தெரியாது. அந்தக் கோட்டில் பதிவுசெய்துள்ள ஹேண்ட்லர்கள் எல்லாவற்றையும் அது வரிசையாக அழைக்கிறது. ஒவ்வொரு ஹேண்ட்லரும் தன் சாதனத்தின் நிலை ரிஜிஸ்டரைப் படித்துப் பார்த்து, 'என்னுடையது, கவனித்துவிட்டேன்' என்றோ 'என்னுடையது இல்லை' என்றோ பதில் சொல்ல வேண்டும். இந்தக் கோடுகள் மட்டத்தால் இயங்குபவை. அதாவது எழுப்பிய சாதனம் சமாதானமாகும்வரை கோடு எழுந்தே நிற்கும். எல்லா ஹேண்ட்லர்களும் 'என்னுடையது இல்லை' என்று சொல்லிவிட்டால், கெர்னல் வெளியே வந்த மறுகணமே அதே குறுக்கீடு மீண்டும் உள்ளே இழுக்கும். அந்தக் கோர் வேறு எந்த வேலையும் செய்யாது.

இதைத் தடுக்கவே லினக்ஸ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கோட்டில் வந்த 1,00,000 குறுக்கீடுகளில் 99,900க்கும் மேற்பட்டவற்றை யாரும் ஏற்காவிட்டால், உங்கள் செய்தியை அச்சிட்டுவிட்டு அந்தக் கோட்டையே மூடிவிடுகிறது. மூடியபின் அந்தக் கோட்டில் உள்ள ஹேண்ட்லர்களை நொடிக்குப் பத்து முறை என்ற அளவில் தானாகச் சென்று அழைத்துப் பார்க்கிறது. உங்கள் மவுஸ் அடியோடு சாகாமல் விட்டுவிட்டு நகர்வதற்கு இதுவே காரணம்.

'ப்ராக் இன்டரப்ட்ஸ்' கோப்பைத் திறந்து 17ஆம் வரியின் கடைசியில் எந்தெந்த டிரைவர்களின் பெயர்கள் உள்ளன என்று முதலில் பாருங்கள். யுஎஸ்பி கன்ட்ரோலர் மட்டுமே இருந்தால், டிரைவரே ஏற்றப்படாத ஏதோ ஓர் அட்டை கோட்டைப் பிடித்துவைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்; கூடுதல் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பயாஸைப் புதுப்பிப்பதும் சில சமயம் தீர்த்துவைக்கும். கெர்னல் தொடங்கும்போது 'ஐஆர்க்யூபோல்' என்று கொடுக்கும் வழியும் உண்டு. அது நோயைத் தாங்கவைக்குமே தவிர நீக்காது.

புதிய கணினிகளில் இந்தச் செய்தி அரிதாகிவிட்டது. எம்எஸ்ஐ முறையில் சாதனம் கோடு எதையும் எழுப்புவதில்லை. குறித்த ஒரு முகவரியில் ஒரு மதிப்பை எழுதுகிறது, அந்த எழுத்தே குறுக்கீடாகிறது. எம்எஸ்ஐ வகையில் ஒரு சாதனத்துக்கு 32 வரையும், எம்எஸ்ஐ–எக்ஸ் வகையில் 2048 வரையும் தனித்தனிக் குறுக்கீடுகள் கிடைக்கும் என்பதால் பகிர வேண்டிய தேவையே எழுவதில்லை.

கேள்வி (நெட்வொர்க் நிர்வாகி, சென்னை): பாக்கெட்டுகள் மிக அதிகமாக வரும்போது நெட்வொர்க் அட்டையின் குறுக்கீட்டு எண்ணிக்கை கூடுவதற்குப் பதில் குறைகிறது. இது கோளாறா?

பதில்: கோளாறு அன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. 1 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்குச் சுமார் 14.88 லட்சம் வரை வரலாம். பாக்கெட்டுக்கு ஒரு குறுக்கீடு என்றால், கெர்னல் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்கியதை உரிய நிரலிடம் சேர்க்க நேரமே கிடைக்காது. கடைசியில் வாங்கியவற்றையும் கீழே போட வேண்டியதாகிவிடும். கணினி முழுமூச்சாக உழைக்கும், ஆனால் ஒரு வேலையும் முடியாது. ஜெஃப்ரி மொகுலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்த நிலையை அலசி, சுமை கூடும்போது குறுக்கீட்டை நிறுத்திவிட்டு கெர்னலே போய்க் கேட்பது நல்லது என்று காட்டியது. லினக்ஸில் அந்தச் சிந்தனையின் வடிவம்தான் நாப்பி.

முதல் பாக்கெட் வந்ததும் ஹேண்ட்லர் அட்டையின் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, மீதியைப் பிறகு செய்யக் குறித்துவைத்து வெளியேறுகிறது. அதன்பின் சாஃப்ட்ஐஆர்க்யூ என்ற பின்பகுதி, வழக்கமாக ஒரு தவணைக்கு 64 பாக்கெட் வரை அட்டையிடமிருந்து எடுக்கிறது. எடுக்க எதுவும் மீதியில்லை என்ற நிலை வந்தால் மட்டுமே குறுக்கீடு மீண்டும் இயக்கப்படுகிறது. வெள்ளம் ஓயாதவரை அந்த நிலை வராது. ஆகவே எண்ணிக்கை குறைகிறது. பின்பகுதியே பிராசசரை விழுங்கிவிடாதபடி, வேலை நீண்டால் அது 'கேசாஃப்ட்ஐஆர்க்யூடி' என்ற சாதாரணத் திரெடுக்கு (ஷெட்யூலர் நிறுத்தவும் தொடரவும் கூடிய பணிக்கு) மாற்றப்படுகிறது. 'டாப்' கட்டளையில் அந்தப் பெயர் மேலே ஏறி நின்றால் நீங்கள் கவனிக்க வேண்டியது குறுக்கீட்டு எண்ணிக்கையை அன்று, வரும் பாக்கெட்டுகளையும் அவை கோர்களுக்குப் பங்கிடப்படும் விதத்தையும்.

கேள்வி (எம்பெடெட் துறைப் பொறியாளர், பெங்களூரு): என் தொடுதிரைக் கன்ட்ரோலர் ஐ2சி என்ற மெதுவான இருகம்பி இணைப்பு வழியாக இணைக்கப்பட்டுள்ளது. யார் குறுக்கிட்டார்கள் என்று அதைக் கேட்பதற்கே ஐ2சி பரிமாற்றம் தேவை. அந்தப் பரிமாற்றமோ தூங்கும். ஹேண்ட்லரில் தூங்கக் கூடாது என்றால் இதை எப்படி எழுதுவது?

பதில்: முதல் கேள்விக்குச் சொன்ன காரணத்தையே திருப்பிப் பிடித்தால் வழி கிடைக்கிறது. தூங்குவதற்கு ஆள் இல்லை என்பதுதானே சிக்கல். ஆகவே ஹேண்ட்லருக்கு ஓர் ஆளை அமர்த்திவிட வேண்டும். 2009இல் வெளிவந்த 2.6.30 பதிப்பிலிருந்து லினக்ஸில் உள்ள 'ரிக்வெஸ்ட் திரெடட் ஐஆர்க்யூ' இதைத்தான் செய்கிறது. உங்கள் ஹேண்ட்லர் தனக்கென்று ஒரு கெர்னல் திரெடில் ஓடும். அங்கே தூங்கலாம், மியூட்டெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் லாக்) எடுக்கலாம், ஐ2சி பேசலாம்.

ஆனால் ஒரு நுட்பம் இருக்கிறது. கோடு மட்டத்தால் இயங்குவதாக இருந்தால், திரெட் எழுந்து கன்ட்ரோலரைச் சமாதானப்படுத்தும்வரை கோடு எழுந்தே இருக்கும். அதற்குள் குறுக்கீட்டை மீண்டும் அனுமதித்தால் திரெடுக்கு ஓட இடமே கிடைக்காது. அதற்காகத்தான் 'ஒன்ஷாட்' கொடி: திரெட் முடியும்வரை அந்தக் கோடு மூடியே வைக்கப்படும். குறுக்கீடு வந்ததுமே ஓடும் முன்பகுதி ஹேண்ட்லரைத் தராமல் இந்தக் கொடியையும் விட்டுவிட்டால், கெர்னல் பொதுவாக உங்கள் பதிவையே ஏற்காமல் பிழையைத் திருப்பும். கோட்டை வேறு சாதனத்தோடு பகிர்கிறீர்களானால் அந்த டிரைவரும் இதே கொடியோடு பதிவுசெய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவதாகப் பதிவுசெய்பவருக்குத் தோல்விதான்.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலிலேயே இயக்கத்தக்கதாகிவிட்ட, நிகழ்நேர வேலைகளுக்கான ப்ரீஎம்ப்ட்–ஆர்டி அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், டைமர் போன்ற சிலவற்றைத் தவிர ஏறத்தாழ எல்லா ஹேண்ட்லர்களுமே இப்படித் திரெடுகளில்தான் ஓடும். அந்தத் திரெடுகளின் முன்னுரிமை, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், ஃபிஃபோ என்ற நிகழ்நேர ஷெட்யூலிங் வகையில் 50. உங்கள் மோட்டார் கட்டுப்பாட்டு நிரல் அதைவிடக் கீழே இருந்தால், திரையைத் தொடும்போதெல்லாம் மோட்டார் காத்திருக்கும். எனவே இரண்டின் முன்னுரிமையையும் நீங்களே குறித்துவிடுங்கள்.